பரங்கிக்காய் வாங்கப் போகும் டிராம்

ரயிலுக்குப் பெயர் சூட்டுவது நமக்குப் புதிதல்ல. பாண்டியன், சோழன், பல்லவன் என்று ராஜ வம்சங்களையெல்லாம் தண்டவாளத்தில் ஓட விட்டிருக்கிறோம். போதாததற்கு வைகை நதியும் ஓடுகிறது. ஆனால், டிராம் வண்டிகளுக்குப் பூக்களின் பெயரைச் சூட்டி அழகு பார்த்த ஒரு கம்பெனி இருந்தது என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே போர்ட்லண்ட் என்ற ஊருக்கும் லூயிஸ்டன் என்ற ஊருக்கும் நடுவே 1914-ம் வருஷம் மின்சார வண்டி விட்டார்கள். அந்த வண்டிகளுக்குத்தான் பூக்களின் பெயர். அவற்றில் ஒன்று 'நார்ஸிஸஸ்'. பெயருக்கு ஏற்ற ஒய்யாரம் அதற்கு உண்டு. உள்ளே மஹாகனி மர வேலைப்பாடு. ஜன்னல்களின் மேல் பாகத்தில் வர்ணக் கண்ணாடி. அந்த வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி, முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதில் ஏறிப் பிரயாணம் செய்தார். வண்டிக்கு வேறு என்ன பெருமை வேண்டும்!

ஆனால், பெருமை பெட்ரோலுக்கு முன்னால் எத்தனை நாள் நிற்கும்? வீட்டுக்கு வீடு மோட்டார் கார் வந்தது. டிராமில் ஏற ஆள் குறைந்தது. 1933-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். நார்ஸிஸஸின் சக்கரங்கள் போயின. உடம்பு மட்டும் எஞ்சியது. அதை வீடாக்கிக் குடித்தனம் நடத்தினார்கள்! ஜனாதிபதி கம்பீரமாக உட்கார்ந்து போன இடத்தில் யாராவது வெங்காயம் உரித்திருப்பார்கள். துணி உலர்த்தக் கொடி கட்டியிருப்பார்கள். வாழ்ந்து கெட்ட குடும்பத்துக் கதை மாதிரி இல்லையா?

கதை அங்கே முடிந்துவிடவில்லை. 1969-ல் நார்ஸிஸஸுக்கு ஒரு பிறந்த வீடு கிடைத்தது. அந்தப் பிறந்த வீட்டைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

மேய்ன் மாநிலத்தில், கடலோரத்தில் கென்னபங்க்போர்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே உள்ளது 'சீஷோர் டிராலி மியூஸியம்'. அமெரிக்காவில் டிராமை டிராலி என்பார்கள். 1939-ல் அந்தப் பக்கத்தில் பிடிஃபர்டு, சாக்கோ என்ற இரண்டு ஊர்களில் ஓடிய டிராம்களை நிறுத்திவிட்டு பஸ் விட முடிவு செய்தார்கள். பழைய வண்டிகள் காயலான் கடைக்குப் போக வேண்டியவை. அப்போது டிராம் பைத்தியம் பிடித்த சில இளைஞர்கள் கூடிப் பணம் போட்டு ஒரே ஒரு வண்டியை வாங்கினார்கள். அதன் நம்பர் 31. 1900-ம் வருஷத்தில் செய்தது. பக்கத்துச் சுவரே கிடையாது. காற்று வாங்கிக்கொண்டு போகத் திறந்த பெஞ்சுகள் 12. விலை 150 டாலர்.

"படிக்கிற வயசில் இதென்னடா விளையாட்டு? வண்டியை வாங்கி எங்கே கட்டி வைப்பது?" என்று வீட்டில் கேட்காமலா இருந்திருப்பார்கள்? எந்த ஊர் அம்மாவும் கேட்கிற கேள்விதான்! ஆனால், அந்த ஒரு வண்டியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய மியூஸியம். டிராம், சுரங்க ரயில், பஸ் எல்லாமாக 250-க்கு மேல் அங்கே இருக்கின்றன. ஜப்பானின் நாகசாகியிலிருந்து ஒன்று வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து ஒன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து ஒன்று. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரம் 1957-ல் டிராமுக்கு விடை கொடுத்தபோது கடைசி வண்டியாக ஓடியது இருக்கிறதே, அதுவும் கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஊர் ஊராகக் கைவிடப்பட்டதெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மியூஸியம் என்றால் 'தொடாதே' என்று போர்டு மாட்டி, வாயைப் பொத்திக்கொண்டு நடக்கச் சொல்வார்கள் என்று பயப்பட வேண்டாம். இங்கே டிக்கெட் வாங்கியவர்கள் வண்டியிலேயே ஏறிப் போகலாம். முன்பு ஒரு டிராம் கம்பெனி போட்டிருந்த பழைய பாதையிலேயே, காட்டுக்கு நடுவே போக வர மூன்று மைல் பிரயாணம்.

குழந்தைகள் கேள்வி கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமல்லவா? டிராம் ஓடுகிற வித்தை இதுதான். கூரைமேல் நீளமாக ஒரு கழி நிற்கும். அதன் நுனி மேலே கட்டிய மின்சாரக் கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். கம்பியில் சுமார் 600 வோல்ட் மின்சாரம். அது கழி வழியே இறங்கி, அடியிலுள்ள மோட்டாரைச் சுழற்றிவிட்டு, சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குப் போய்த் திரும்பிவிடும். வழியில் யாராவது நின்றால் டிரைவர் காலால் ஒரு மிதி மிதிப்பார். 'டாண் டாண்' என்று மணி அடிக்கும். இரண்டு முனையிலும் ஓட்டக்கூடிய வண்டியானால் இன்னும் வேடிக்கை. பாதை முடிந்ததும் வண்டி திரும்பாது. கண்டக்டர் கயிற்றைப் பிடித்துக் கழியைத்தான் மறுபக்கம் திருப்புவார். ஆசனத்தின் சாய்மானத்தைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினால், பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். குழந்தைகளுக்கு இந்த ஒரு வேலை போதும்; வீட்டுக்கு வர மாட்டேன் என்பார்கள்.

இனி பரங்கிக்காய் விஷயத்துக்கு வருவோம்.

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அந்தப் பக்கத்து மரங்களெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறி நிற்கும். அந்தச் சமயத்தில் மியூஸியத்தார் குழந்தைகளை டிராமில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பரங்கித் தோட்டத்தில் இறக்கிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு காயைப் பொறுக்கி எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வரலாம். கண், மூக்கு, வாய் எல்லாம் அதில் எழுதி வீட்டு வாசலில் வைப்பார்கள். 'இதென்ன கூத்து' என்று சிரிக்காதீர்கள். புது வீட்டு வாசலில் பூசணிக்காய்க்கு மீசை எழுதிக் கட்டித் தொங்கவிடுகிற நாம் சிரிக்கலாமா? அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த காய் அது. நம் ஊருக்குக் கப்பல் ஏறி வந்தது. அதனால்தான் பெயரிலேயே பரங்கி இருக்கிறது! நாம் அதைப் பொங்கல் கூட்டுக்கு நறுக்குகிறோம். அவர்கள் முகம் எழுதுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். டிசம்பர் ஆரம்பத்தில் ஊரே கிறிஸ்துமஸுக்கு முன்னோடியாக ஒரு விழாக் கொண்டாடும். அப்போது ஜோடித்த டிராமும் ஓடுவதுண்டு.

மியூஸியத்துக்கு எதற்கு இந்தத் திருவிழா எல்லாம் என்று தோன்றலாம். உண்மையில் டிராமும் திருவிழாவும் பழைய சிநேகிதர்கள். அந்தக் காலத்தில் டிராம் கம்பெனிகள் பல, மின்சாரத்துக்கு மாதம் இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டணம் கட்டி வந்தன. ஓட்டினாலும் பணம், ஓட்டாவிட்டாலும் பணம். ஆபீஸ் நாட்களில் கூட்டம் நெரியும்; ஞாயிற்றுக்கிழமை வண்டி காலியாகக் கிடக்கும். யோசித்தார்கள் முதலாளிகள். பாதை முடிகிற இடத்தில் ஒரு பூங்கா அமைத்தார்கள். ராட்டினம், ஏரி, பாண்டு வாத்தியம், நடன மண்டபம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஞாயிறன்று வேலைக்காரர் குடும்பம் ஒரு கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு, சில காசுகளில் போய் வந்துவிடலாம். பிட்ஸ்பர்க் நகரத்துக்கு அருகே 1898-ல் ஒரு டிராம் கம்பெனி தொடங்கிய கென்னிவுட் பூங்கா அப்படிப் பிறந்ததுதான். டிராம் போயும் பூங்கா போகவில்லை.

லாபத்துக்காகச் செய்த காரியம்தான்; மறுப்பதற்கில்லை. ஆனாலும் அதனால் நன்மை அடைந்தவர்களில் பெண்கள் முக்கியமானவர்கள். சொந்த வண்டி இல்லாத வீட்டில், வாரம் முழுவதும் அடுப்படியில் நின்றவளுக்குத் துணை எதிர்பாராமல் குழந்தைகளோடு வெளியே போய் வர டிராம் ஒரு வழியாக இருந்தது.

பெண்கள் அதில் ஏறிப் போனதோடு நிற்கவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் டிராமை ஓட்டியதும் டிக்கெட் கொடுத்ததும் பெண்களே. பின்னாளில் கவிஞராகப் புகழ் பெற்ற மாயா ஆஞ்சலு, பதினாறு வயதில் சான்பிரான்சிஸ்கோவில் டிராம் கண்டக்டர் வேலைக்கு ஆசைப்பட்டார். கறுப்பினப் பெண் என்பதால் மனுக் காகிதம்கூடக் கொடுக்கவில்லை. "தினமும் போய் அங்கேயே உட்கார்" என்று தைரியம் சொல்லி அனுப்பினார் தாயார். மகள் தினமும் போய் உட்கார்ந்தார். கடைசியில் வேலை கிடைத்தது. யூனிஃபாரமும் காசுப் பையுமாக வண்டியில் ஏறிவிட்டார். பழைய டிராமின் படிக்கட்டில் கால் வைக்கும்போது இப்படிப்பட்டவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

'மேய்ன் எங்கே, மாம்பலம் எங்கே? இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?' என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பாஸ்டனில் இருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் பார்க்கப் போய், ஆறு மாதம் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்புகிற தாய்மார்கள் எத்தனை பேர்! பாஸ்டனிலிருந்து இந்த மியூஸியம் காரில் சுமார் ஒன்றரை மணி நேரப் பிரயாணம்தான். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் போவது நல்லது. திறந்திருக்கும் நாட்களை முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். திறந்த வண்டியில் காற்று சிலுசிலுவென்று அடிக்கும். காதுக்கு ஒரு மப்ளரும் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டரும் அவசியம். கையோடு புளியோதரை கொண்டுபோவது உங்கள் சௌகரியம்.

எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பாட்டிமார்கள் கூட இருந்தால் இன்னும் விசேஷம். ஏனென்றால் சென்னையிலும் டிராம் ஓடியது. லண்டனுக்கு மின்சார டிராம் வருமுன்பே, 1895-ல் சென்னைக்கு வந்துவிட்டது. 1953 ஏப்ரலில் கம்பெனி நஷ்டம் தாங்காமல் மூடும் வரையில் ஓடியது. அப்போது பாவாடை கட்டிய சிறுமியாக அதில் போனவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இங்கிலீஷிலேயே பேசுகிற பேரனிடம் என்ன பேசுவது என்று தவிக்கும் பாட்டி, அந்த மர பெஞ்சில் உட்கார்ந்ததும், "இதே மாதிரி வண்டியில் நான் போயிருக்கிறேனடா, கண்ணா" என்று ஆரம்பித்துப் பாருங்கள். எப்போதும் பேரன்தான் பாட்டிக்கு டெலிபோன் சொல்லிக் கொடுக்கிறான். அன்றைக்கு ஒரு நாளாவது பாட்டி சொல்ல, பேரன் கேட்பான்.

ஆனால், அந்தப் பேரனைச் சென்னைக்கு அழைத்து வந்து 'இதுதான் நான் போன வண்டி' என்று காட்டி ஏற்றிவிட ஒரு டிராம்கூட இல்லை. 150 டாலர் போட்டு ஒன்றையாவது வாங்கி வைக்க நம் ஊரில் நாலு பைத்தியக்காரர்கள் அன்று கிடைக்கவில்லை. கல்கத்தாக்காரர்கள் பரவாயில்லை. 1938-ல் செய்த ஒரு டிராமை எடுத்து, எஸ்பிளனேடில் 'ஸ்மரணிகா' என்ற பெயரில் 2014-ல் மியூஸியம் ஆக்கினார்கள். அந்த ஊரிலேயே, ஒரு பாதையைத் தவிர மற்ற டிராம்களை நிறுத்தப் போவதாக 2024 செப்டம்பரில் அரசாங்கம் அறிவித்தது. வேண்டாம் என்று ஜனங்கள் குரல் கொடுத்தார்கள். போன பிறகு அழுவதைவிட, இருக்கும்போதே கேட்பது புத்திசாலித்தனம்.

பழசையெல்லாம் காப்பாற்றுவது லேசான காரியமும் அல்ல. சீஷோரில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஒரு வண்டியைப் பழுது பார்க்க வருஷக் கணக்கில் ஆகிறது. பூச்சி அரித்த மரத்தை மாற்ற வேண்டும். கிடைக்காத இரும்புச் சாமானைப் புதிதாகச் செய்ய வேண்டும். நார்ஸிஸஸுக்கே நெடுநாள் வைத்தியம் நடந்து வருகிறது. அத்தனைக்கும் பணம் வேண்டும். பரங்கிக்காய்ப் பிரயாணமும் கிறிஸ்துமஸ் வண்டியும் அந்தச் செலவுக்குக் கை கொடுக்கின்றன. குழந்தை கேட்டு வாங்கும் ஒரு டிக்கெட்டில் ஒரு பழைய ஜன்னலுக்குப் புதுச் சட்டம் கிடைக்கிறது.

நம் வீட்டுப் பரணிலும் ஒரு மியூஸியம் இருக்கிறதே! பாட்டியின் வெண்கலப் பானை, கல்சட்டி, முறுக்கு அச்சு, மரப்பாச்சி எல்லாம் துணியில் கட்டித் தூங்குகின்றன. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இன்றைய ஃபிளாட்டில் இடம் ஏது? அதனால் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புளி போட்டுத் தேய்த்துக் கீழே இறக்குங்கள். அலமாரியில் அழகுக்கு வைக்காமல், மாதத்தில் ஒரு நாளாவது அதில் சமையுங்கள். அந்தக் கல்சட்டி யாருடையது, எந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது என்பதைப் பரிமாறும்போது குழந்தைகளிடம் சொல்லுங்கள். வற்றல் குழம்பு கொதிக்கும் வாசனையோடு கேட்ட கதையை எந்தக் குழந்தையும் மறக்காது.