கால் ரிங் ஆகலையா? அது நெட்வொர்க் பிரச்னை மட்டும் இல்ல, பணப் பிரச்னை

வழக்கமா இங்க எஸ்ஐபி, டேக்ஸ், இன்ஷூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு உங்க போன் ஏன் ரிங் ஆக மாட்டேங்குதுன்னு பேசப் போறோம். "ஆடிட்டர் எதுக்குப்பா மொபைல் கடைக்காரர் வேலையைப் பார்க்கிறாரு"ன்னு தோணும். கடைசி வரைக்கும் படிங்க, காரணம் புரியும்.

2024 மார்ச் கடைசி வாரம். நிதியாண்டு முடியற நேரம். ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் என் க்ளையன்ட். 80சி-ல இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு, 31-க்குள்ள பிபிஎஃப்-ல போட்டுடச் சொல்லலாம்னு அவருக்குக் கால் பண்றேன். ஒரு ரிங் கூடப் போகல. நேரா "ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது". அரை மணி நேரம் கழிச்சு மறுபடியும் அதேதான். ஆனா வாட்ஸ்அப்ல ஆன்லைன்ல இருக்காரு. சரி, மீட்டிங் போலன்னு விட்டுட்டேன்.

கொஞ்ச நேரத்துல அவர் நம்பர்ல இருந்தே எனக்கு மெசேஜ்: "சார், ஒரு எமர்ஜென்சி. 18,000 யுபிஐ பண்ண முடியுமா, சாயங்காலம் திருப்பித் தரேன்."

அந்தத் தம்பி என்னைச் சார்னு கூப்பிட்டதே கிடையாது. எப்பவும் "அண்ணா"தான். அந்த ஒரு வார்த்தையாலதான் நான் தப்பிச்சேன். என் புத்திசாலித்தனம்னு சொல்லிக்க எதுவும் இல்ல.

அவரோட ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேர் தப்பிக்கல. ஒருத்தர் 10,000, இன்னொருத்தர் 12,000 அனுப்பிட்டாங்க. இதுல என்னைத் தூங்க விடாத விஷயம் ஒண்ணு இருக்கு. ரெண்டாவது ஆள் பணம் அனுப்புறதுக்கு முன்னாடி கால் பண்ணிப் பார்த்திருக்காரு. ஸ்விட்ச் ஆஃப். உடனே வாட்ஸ்அப்ல "மச்சி, மீட்டிங்ல இருக்கேன், எடுக்க முடியாது"ன்னு பதில். நம்பி அனுப்பிட்டாரு.

"பணம் கேட்டு மெசேஜ் வந்தா, போன் போட்டுக் கேட்டுட்டு அனுப்புங்க"ன்னு எத்தனை வீடியோவுல நானே சொல்லியிருக்கேன்! அவர் அதைத்தான் செஞ்சாரு. கால் போகாதது ஒரு எச்சரிக்கைன்னு நான் யாருக்கும் சொல்லித் தரல.

நடந்தது என்ன?

அன்னைக்குக் காலையில தம்பிக்கு ஒரு கால். "கூரியர் வந்திருக்கு சார், அட்ரஸ் குழப்பமா இருக்கு. டெலிவரி பையனோட நம்பரை இந்தக் கோடோட சேர்த்து டயல் பண்ணுங்க, அவரே பேசுவாரு." நட்சத்திரக் குறியில ஆரம்பிக்கிற ஒரு கோடு, பின்னாடி ஒரு பத்து இலக்க எண். ஆபீஸ் அவசரத்துல டயல் பண்ணிட்டாரு.

அது கால் ஃபார்வர்டிங் போடற கோடு. அந்த நொடியில இருந்து அவருக்கு வர்ற எல்லாக் காலும் மோசடிக்காரன் போனுக்குப் போயிடும். அவன் அங்க போனை அணைச்சு வெச்சா, கூப்பிடறவங்களுக்குக் கேக்கறது "ஸ்விட்ச் ஆஃப்". தம்பியோட போன்ல டவர் ஃபுல்லா இருக்கு, நெட் ஓடுது, அவரால வெளியே கால் பண்ண முடியுது. அதனால அவருக்கு எதுவுமே தெரியாது.

அடுத்து அவன் அந்த நம்பரைப் போட்டு வேற போன்ல வாட்ஸ்அப் திறக்கிறான். ஓடிபி எஸ்எம்எஸ் தம்பி போனுக்குத்தான் போகும், ஏன்னா எஸ்எம்எஸ் ஃபார்வர்ட் ஆகாது. ஆனா "கால் மூலமா ஓடிபி சொல்லுங்க"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கே? அந்தக் கால் நேரா அவன்கிட்ட. கதை முடிஞ்சுது.

1930-க்குப் புகார் பண்ணினது மறுநாள். அதுக்குள்ள பணம் கைமாறிப் போச்சு. அந்த 22,000-ஐயும் தம்பி தன் ஏப்ரல் சம்பளத்துல இருந்து நண்பர்களுக்குக் கொடுத்துட்டாரு. கேட்டா, "அவங்க என்னை நம்பித்தானே அண்ணா அனுப்பினாங்க"ன்னாரு.

வங்கி திருப்பித் தராதா?

எல்லாரும் கேக்கற கேள்வி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு, அதுல சொன்னது இதுதான். உங்க அனுமதி இல்லாம பணம் போய், தப்பு உங்க மேலயும் இல்ல, வங்கி மேலயும் இல்லைன்னா, வங்கியில இருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். 4-ல இருந்து 7 நாளுக்குள்ள சொன்னா ஒரு வரம்பு வரைக்கும் உங்க தலையில. அதுக்கு மேல போனா வங்கியோட பாலிசிப்படி. ஓடிபி, பாஸ்வேர்டை நீங்களே கொடுத்திருந்தா, புகார் பண்ற வரைக்கும் போன பணம் உங்க நஷ்டம். புகாருக்கு அப்புறம் போறது வங்கியோட நஷ்டம்.

ஆனா அந்த நண்பர்கள் விஷயத்துல? அவங்களே யுபிஐ பின் போட்டு அனுப்பினாங்க. ஏமாந்து அனுப்பினாலும், பரிவர்த்தனையைச் செஞ்சது அவங்கதான். அதனால "அனுமதியில்லாத பரிவர்த்தனை"ங்கிற இந்தப் பாதுகாப்புக்குள்ள அது சுலபமா வராது. ஓட்டை விழுந்தது ஒருத்தர் போன்ல, பணம் போனது இன்னொருத்தர் அக்கவுண்ட்ல. இந்த இடைவெளியிலதான் மோசடிக்காரன் குடும்பம் நடத்துறான்.

சரி, என் போன் ரிங் ஆகலைன்னா எதைப் பார்க்கணும்?

"உன் போன் ஏன் ஸ்விட்ச் ஆஃப்னே வருது"ன்னு அம்மாவோ, நண்பரோ, மேனேஜரோ சொன்னா, "டவர் சரியில்ல"ன்னு தள்ளிவிடாதீங்க. முதல்ல போன்ல சிக்னல் இருக்கான்னு பாருங்க. பாதி விடை அங்கயே கிடைச்சிடும்.

சிக்னல் இருக்கு, நீங்க கூப்பிட்டா போகுது, ஆனா உங்களுக்கு வரல. பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். டூ நாட் டிஸ்டர்ப் ஆன்ல இருக்கும். ஐபோன்ல தெரியாத எண்களை மௌனமாக்குற செட்டிங் போட்டிருப்பீங்க. ரெண்டு சிம் போன்ல ஒரு சிம்ல பேசிட்டிருந்தா, பல மாடல்கள்ல இன்னொரு சிம் "தொடர்பு எல்லைக்கு வெளியே"ன்னு சொல்லும். நாள் முழுக்க ஆபீஸ் சிம்ல காலிலேயே இருக்கறவங்களுக்கு, வங்கி சிம் பாதி நாள் செத்த சிம்தான்.

இதெல்லாம் இல்லைன்னா கால் ஃபார்வர்டிங்கைப் பாருங்க. *#21# டயல் பண்ணினா எல்லாக் காலும் எங்கயாவது திருப்பி விடப்பட்டிருக்கான்னு காட்டும். *#62# போட்டா, நீங்க எட்டாத நேரத்துல கால் எங்க போகுதுன்னு காட்டும். இந்த ரெண்டாவதுல தெரியாத எண் ஒண்ணு வந்தா உடனே பயப்படாதீங்க. அது உங்க நெட்வொர்க்கோட வாய்ஸ்மெயில் அல்லது மிஸ்டு கால் அலர்ட் எண்ணா இருக்கலாம். ஆனா முதலாவதுல, நீங்க போடாத ஒரு மொபைல் எண் இருந்தா அது ஆபத்து. ##002# டயல் பண்ணினா எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்து. சில நெட்வொர்க்ல இந்தக் கோடுகள் வேலை செய்யாது. அப்போ போன் செட்டிங்ஸ்ல கால் ஃபார்வர்டிங் பகுதிக்குப் போய் அணைங்க, இல்ல 198-க்குக் கூப்பிட்டுக் கேளுங்க.

சிக்னலே இல்லைன்னா கதை வேற. வீட்ல மத்தவங்களுக்கு அதே நெட்வொர்க்ல டவர் இருக்கு, போனை அணைச்சுப் போட்டும் உங்களுக்கு மட்டும் "நோ சர்வீஸ்". முதல்ல ரீசார்ஜ் முடிஞ்சுதான்னு பாருங்க. முடியலைன்னா, யாராவது உங்க பேர்ல டூப்ளிகேட் சிம்மோ இ-சிம்மோ வாங்கியிருக்கலாம். இதுல ஃபார்வர்டிங் மாதிரி இல்லாம எஸ்எம்எஸ்-உம் அவன்கிட்ட போயிடும். சிம் மாத்தினா முதல் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ல எஸ்எம்எஸ் ஓடக் கூடாதுன்னு தொலைத்தொடர்புத் துறை விதி வெச்சிருக்கு. அது உங்களுக்காகக் கொடுத்த அவகாசம். "நாளைக்கு ஸ்டோர் போய்ப் பார்த்துக்கலாம்"னு அதைத் தூங்கிக் கழிச்சிடாதீங்க. பக்கத்துல இருக்கறவர் போன்ல இருந்து நெட்வொர்க்குக்கும் வங்கிக்கும் அப்பவே கூப்பிடுங்க.

"அதான் அந்தக் கோடை நிறுத்திட்டாங்களே?"

ஆமா. 2024 ஏப்ரல் 15-ல இருந்து டயல் கோடு வழியா கால் ஃபார்வர்டிங் போடற வசதியை நிறுத்தி வைக்கச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை ஆணை போட்டுச்சு. தம்பிக்கு நடந்து சில வாரம் கழிச்சு! நல்ல முடிவு. ஆனா போன் செட்டிங்ஸ் வழியா இன்னும் போடலாம். மோசடிக்காரன் பேச்சுல மயக்கி, உங்க கையாலயே செட்டிங்ஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போவான். கதவுக்குப் பூட்டு மாத்தியாச்சுன்னு ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது.

தெரியாத கால் எடுக்காம இருக்கறது நல்லதுதானே?

இதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. தெரியாத காலை எடுக்காதீங்க. ஆனா காலை எடுக்காம இருக்கறது வேற, கால் வந்ததே தெரியாம இருக்கறது வேற. முதலாவது நீங்க எடுக்கற முடிவு. ரெண்டாவதுல முடிவு உங்க கையில இல்ல.

வங்கிகளோட சேவை, பரிவர்த்தனை சம்பந்தமான கால்களுக்கு 1600-ல ஆரம்பிக்கிற எண் வரிசையும், விளம்பரத்துக்கு 140 வரிசையும் பயன்படுத்தணும்னு 2025 ஜனவரியில ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. 140-ஐத் தயங்காம விட்டுடுங்க. 1600-ல இருந்து மிஸ்டு கால் இருந்தா, வங்கி ஆப்லயோ கார்டுக்குப் பின்னாடி இருக்கிற எண்லயோ நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க.

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம பணத்துக்கான எல்லாச் சாவியையும் ஒரே மொபைல் எண்ல கோத்து வெச்சிருக்காங்க. வங்கி, ஆதார், பிஎஃப், டீமேட், வருமான வரி எல்லாமே அதுலதான். ஜூலையில ரிட்டர்ன் ஃபைல் பண்ணிட்டு, 30 நாளுக்குள்ள இ-வெரிஃபை பண்ணணும். பலர் அதை ஆதார் ஓடிபி-லதான் பண்றாங்க. காலேஜ்ல வாங்கின பழைய எண் ஆதார்ல இருக்கும், அந்த சிம்மை ரீசார்ஜ் பண்ணாம விட்டிருப்பாங்க. கடைசி நாள்ல என்கிட்ட வந்து நிப்பாங்க. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்கலாம். அப்புறம் அது வேற ஒருத்தர் கைக்கும் போகலாம். உங்க சாவி, அவர் கையில. குரல் வழி ஓடிபி-யை இன்னும் வெச்சிருக்கிற நிறுவனங்கள் அதை நிறுத்தணும்ங்கிறது என் கருத்து. எல்லாப் பொறுப்பையும் "வாடிக்கையாளர் கவனமா இருக்கணும்"ங்கிற ஒரு வரியில முடிக்கறது நியாயம் இல்ல. ஆனா அவங்க திருந்தற வரைக்கும் நாம காத்திருக்க முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்

1. வீட்ல வேற ஒருத்தர் போன்ல இருந்து உங்க எல்லா எண்ணுக்கும் கால் பண்ணுங்க. ரிங் ஆகுதா?

2. கால் ஃபார்வர்டிங்கைச் சோதிங்க. அப்பா, அம்மா போன்லயும் பாருங்க.

3. வாட்ஸ்அப்ல டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆறு இலக்க பின் போடுங்க. தம்பி இதை மட்டும் போட்டிருந்தா, ஓடிபி கிடைச்சும் அவனால உள்ள வந்திருக்க முடியாது.

4. சஞ்சார் சாத்தி தளத்துல உங்க பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு பாருங்க. நீங்க வாங்காததைப் புகார் பண்ணுங்க.

5. வங்கி, ஆதார், பிஎஃப் மூணுலயும் இருக்கறது இப்போ நீங்க பயன்படுத்துற எண்தானான்னு சரிபாருங்க.

6. பணம் போச்சுன்னா யோசிக்காம 1930. முதல் ஒரு மணி நேரம் ரொம்ப முக்கியம்.

கடைசியா, என் பழைய அறிவுரைக்கு ஒரு திருத்தம். பணம் கேட்டு மெசேஜ் வந்தா கால் பண்ணிக் கேளுங்க. கால் போகலைன்னா அனுப்பாதீங்க. "மீட்டிங்ல இருக்கேன்"னு மெசேஜ் வந்தாலும் அனுப்பாதீங்க. குரலைக் கேட்ட அப்புறம்தான் பணம். அந்த அரை மணி நேரத்துல உண்மையான நண்பன் கோவிச்சுக்க மாட்டான். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணிக்கலாம். 12,000-ஐ விட அது சீப்.