கரைக்கு உரிமையாளர் யார்?

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. இயங்கிவரும் அணைகளின் முதல் விரிவான பாதுகாப்பு மதிப்பீட்டையும் அவசரகாலச் செயல்திட்டத்தையும் முடிக்க அது தந்த ஐந்தாண்டுக் கெடு 2026 டிசம்பரோடு தீர்கிறது. கெடுவை நீட்டக் கூடாது என்பதே இந்த இதழின் நிலை. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டபோது தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, செயல்திட்டம் வெறும் காகித வேலை என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது.

சாத்தனூர், குப்பநத்தம், செண்பகத்தோப்பு மூன்றும் சட்டம் நிபந்தனையின்றிச் சேர்க்கும் 15 மீட்டர் உயரத்தைத் தாண்டியவை, வழக்குக்கே இடமில்லை. மிருகண்டா நதி அணைக்கு நாளிதழ்கள் போடும் 22.97 அடி, நீர்மட்டக் கணக்கு. சட்டம் அளப்பதோ அடித்தளத்தின் தாழ்ந்த இடத்திலிருந்து கரை உச்சி வரை. இரண்டையும் குழப்பி யாரும் அதைப் பட்டியலிலிருந்து கழித்துவிட வேண்டாம்.

நம் நெடுநாள் கவலை அதற்கும் கீழே கிடக்கிறது. 10 மீட்டருக்குக் குறைந்த கரைகளைச் சட்டம் கண்டுகொள்வதில்லை. மாநிலத்தின் 39 ஆயிரம் சொச்சம் ஏரிகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழேதான். இங்கிலாந்தின் 1975ஆம் ஆண்டு நீர்த்தேக்கச் சட்டம் கொள்ளளவைத்தான் கேட்கிறது: தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டர். வேல்ஸ் 2016இல் அதை 10,000 ஆகக் குறைத்தது. நமக்கு ஒரு மில்லியன் கன அடி என்பதே 28,317 கன மீட்டர்!

இங்கே ஏரி யாருடையது என்பதைத் தீர்மானிப்பது ஆயக்கட்டு. 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஆயக்கட்டு வீட்டுமனையாகும்போது பாசனம் சுருங்குகிறது. கரைக்குக் கீழே உயிர்கள் பெருகுகின்றன. ஆபத்து ஏற ஏற ஏரியின் மதிப்பு இறங்கும் விசித்திரக் கணக்கு இது. திருவண்ணாமலையின் வேங்கிக்கால் ஏரி கோடி போனால் தண்ணீர் வேலூர் சாலையில் ஏறுவதை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்வருகிறவர்கள் அறிவார்கள். 2007ஆம் ஆண்டின் ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் பொதுப்பணித் துறை ஏரிகளோடு நின்றுகொண்டது. ஒன்றிய ஏரிக்கு அந்தச் சட்டமும் இல்லை, இந்தச் சட்டமும் இல்லை.

யார் பொறுப்பு என்று கேட்டால், நிலம் வருவாய்த் துறைக்கு, கரை ஒன்றியத்துக்கு என்று பதில் வருகிறது. மீன் குத்தகைப் பணம் வாங்க ஆள் உண்டு. மதகுத் திருகுக்கு கிரீஸ் வைக்க ஆள் இல்லை. ஒன்றியப் பொறியாளரோ சாலைக்கும் தொகுப்பு வீட்டுக்கும் அளவுப் புத்தகம் எழுதியே ஓய்ந்துபோகிறார். தூர்வாரிய மண்ணுக்கு ஆண்டுதோறும் கணக்கு வெளியாகிறது. கலிங்கின் வெள்ளத் திறனுக்குக் கணக்குக் கேட்ட உயர் அதிகாரி எவர்?

டெல்லி சட்டத்தைத் திருத்தட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். ஒரு மில்லியன் கன அடிக்கு மேல் தேக்கும் ஒவ்வோர் ஏரிக்கும் பொறுப்பு அலுவலரின் பதவிப் பெயர், கலிங்கின் திறன், கரைக்குக் கீழுள்ள வீடுகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கையெழுத்து வாங்கட்டும். கையெழுத்துப் போட மறுக்கும் துறை எது என்பதாவது வெளிச்சத்துக்கு வரும்.