காப்புப் பருவம்

சென்ற மாதம் நம் ஊர் வாசகர் வட்டத்தில் ஒரு சிறுகதை வாசிக்கப்பட்டது. எழுதியவர் முன்பு நம் வகுப்பில் தமிழ் பயின்றவர். இன்று சிவகாசி அச்சகமொன்றில் பணிபுரிகிறார். ஐந்து வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாள் முதல் சிகிச்சை நிறைவுற்ற நாள் வரையிலான தம் குடும்பத்தின் வாழ்வையே கதையாக்கியிருந்தார். வாசித்து முடித்ததும் மூத்த வாசகர் ஒருவர், "எல்லாம் சரி, குழந்தை பிழைத்துவிடுகிறதே! கதை உச்சத்தைத் தொடவில்லை" என்றார். பலர் தலையசைத்தனர். நாமும் அசைத்தோம். அந்தத் தலையசைப்பைத் திரும்பப் பெறுவதற்காகவே இதை எழுதுகிறோம்.

புற்றுநோய் என்றதும் மரணத்தை எதிர்பார்க்க நம்மைப் பழக்கியவை எவை? 1982ஆம் ஆண்டில் மட்டும் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்னும் இரு படங்கள் நாயகனை அந்நோய்க்குப் பலியிட்டுப் பெருவெற்றி கண்டன. திரைப்படத்தை எள்ளி நகையாடும் நாம், அது கற்பித்த கண்ணீரை மட்டும் இலக்கியத்துக்குள் அழைத்து வந்துவிட்டோம். நோயை உருவகமாக்குவது நோயாளிக்கு இழைக்கும் தீங்கு என்று சூசன் சொன்டாக் 1978லேயே ஒரு நூல் முழுவதும் வாதிட்டார். அவர் பெயரை மேற்கோள் காட்டுவோர் நம்மிடையே குறைவில்லை. அவ்வாதத்தை ஏற்றவர்தாம் அரிது.

உண்மை நிலை வேறு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்ரகட சுப்பாராவின் அமெரிக்க ஆய்வுக்கூடம் உருவாக்கிய மருந்தைக் கொண்டே சிட்னி ஃபார்பர் 1947-48இல் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய்த் தணிவை உண்டாக்கினார். அம்மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் கைகொடுக்கிறது. மற்றொரு மருந்தான வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. அதற்கு 'சுடுகாட்டு மல்லி' என்றும் பெயரிட்டவர்கள் நாம்! உயிர் காக்கும் செடியை இடுகாட்டோடு சேர்த்துப் பார்த்த கண்ணால்தான் அந்தக் கதையையும் பார்த்தோம் போலும்.

புற்றுநோயுற்ற குழந்தைகளில் வளமான நாடுகளில் 80 விழுக்காட்டினருக்கு மேல் குணமடைகின்றனர் என்றும், வறிய நாடுகள் பலவற்றில் அது 30 விழுக்காட்டுக்கும் கீழே என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த இடைவெளிக்கு அது சுட்டும் காரணங்களுள் ஒன்று, சிகிச்சையைப் பாதியில் கைவிடுதல். ஊழ் என்று நாம் பாடிவைத்திருப்பதில் ஒரு பகுதி, பேருந்துக் கட்டணமும் அறை வாடகையும் அன்றி வேறல்ல.

நம் மாணவர் எழுதியது இதைத்தான். மதுரையில் மருத்துவமனைக்கு அருகே ஓர் ஒற்றையறையில் தாயும் மகளும். ஊரில் அப்பத்தாவிடம் விடப்பட்ட ஒன்பது வயது அண்ணன். அவன் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பமிடும் இடத்தில் அப்பத்தாவின் கைநாட்டு. ஸ்டீராய்டு மாத்திரை கிளப்பிய பசியில் நள்ளிரவில் எழுந்து சோறு கேட்கும் குழந்தை. காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் எந்நேரமாயினும் மருத்துவமனைக்கு ஓட்டம். தொற்றுநோய் என்றெண்ணி அறையைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர். தலைமுடி வளர்ந்தபின் அழைத்து வரச் சொல்லும் பள்ளி.

பிறகு கதையின் நடுப்பகுதி வருகிறது. இந்நோய்க்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்வது. அதில் பெரும்பகுதி, நோய் மறைந்ததுபோல் தோன்றியபின் மாத்திரைகளோடு தொடர்வது. எட்டாம் மாதத்தில் குழந்தை ஓடியாடுகிறாள். உறவினர் வந்து, "பிள்ளை நல்லாத்தானே இருக்கா, இன்னும் எதுக்குப்பா இந்தச் செலவு?" என்கிறார். அச்சகத்தில் முன்பணம் கேட்க வழியில்லை. மனைவியின் தாலிச்சங்கிலி முன்பே அடகுக்கடைக்குப் போய்விட்டது. காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைக் கட்டணத்தை ஏற்கும். இழந்த கூலியை ஏற்காது. அன்றிரவு முழுவதும் தந்தை கணக்குப் போடுகிறார். விடியற்காலையில் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மதுரைப் பேருந்தில் ஏறுகிறார்.

உச்சம் இல்லை என்றோமே, இது என்ன? அவர் அன்று ஏறாதிருந்தால் நாம் எதிர்பார்த்த முடிவு கிடைத்திருக்கக்கூடும். நாமும் கண் கலங்கிக் கைதட்டியிருப்போம்.

"இலக்கியம் என்ன சுகாதாரத் துறையின் துண்டறிக்கையா? குழந்தைகள் இறப்பதில்லையா?" என்று நண்பர்கள் கேட்கலாம். இறக்கிறார்கள், அடிபிறழாமல் சிகிச்சை பெற்றும் இறக்கிறார்கள். அத்துயரை எழுத வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. இன்பமுடிவை விதியாக்கவும் நாம் வரவில்லை. இறந்தால் மட்டுமே கதை என்று விதித்ததைத்தான் மறுக்கிறோம். புற்றுநோயாளியுடன் பயணிப்பவருக்கும் கட்டணச் சலுகை தருகிறது இரயில்வே துறை. உடன் வருபவரும் சிகிச்சையின் பகுதி என்று ஓர் அரசுத் துறைக்குத் தெரிந்திருக்கிறது; நம் விமர்சனத்துக்குத் தெரியவில்லை.

நாம் ஆண்டுதோறும் வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்துகிறோம். பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. குழந்தை தளர்நடை பயிலுமுன், முத்தம் தருமுன், அம்புலியை அழைக்குமுன், அது காக்கப்பட வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த வரிசை. பாடத்தில் அதைக் கடவுள் வாழ்த்தென்று விரைந்து கடந்துவிடுவது நம் வழக்கம். காத்தல் என்பது ஈராண்டுக்கு மேல் நாள்தோறும் மாத்திரை எண்ணுவது என்று அந்த அச்சகத் தொழிலாளி எழுதிக் காட்டியபோதும் அப்படியே கடந்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவாரா என்று தெரியவில்லை. வந்தால் அக்கதையை மீண்டும் வாசிக்குமாறு கேட்போம். இம்முறை எட்டாம் மாதத்து இரவில் சற்று நின்று கேட்போம்.