பௌதிகங் கற்கக் கடல் கடப்போர்க்கு

நீலகிரி மாணாக்கர் சிலர் பௌதிகத்திற் பட்டம் பெற்றபின் மேனாடு சென்று கற்க விழைகின்றனர். விழைவு நன்றே. ஆயின் எந்தச் சர்வகலாசாலை என்று ஆராயுங்கால், தரவரிசைப் பட்டியலொன்றைத் திறந்து மேலிருந்து கீழே விரலை ஓட்டுகின்றனர். இம்முறை பிழையென்பது எமது துணிபு. தமிழ் பயிலும் எமக்குப் பௌதிகத்தைப் பற்றிப் பேச உரிமை யாதென நண்பர்கள் நகைப்பராயின், நகைக்க.

உதகைக்கு அணித்தான முத்தொரைச் சரிவில், 1970-ஆம் ஆண்டு முதல் நிற்கும் ரேடியோ தொலைநோக்கியை நம்மிற் பலர் கண்டிருப்பர். அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். அச்சரிவு வடக்குத் தெற்காக ஏறக்குறைய 11 பாகை சாய்ந்துள்ளது. அவ்விடத்து அட்சரேகையும் அவ்வளவே. ஆதலின் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகின்றது. அதனை ஓரச்சிற் சுழற்றியே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்திற்கு மேல் தொடரலாம். பிற நாட்டிற் கற்ற கல்வி நம் மலையின் சாய்வைக் கண்டுகொண்ட விதம் இது.

இதனை அமைப்பித்த கோவிந்த் ஸ்வரூப், அலகாபாத்திற் பயின்றவர். அவருக்கு ரேடியோ வானியலிற் புகுமாறு வழிகாட்டியவர் கே. எஸ். கிருஷ்ணன். இவர் வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்றவர். 1952-இல் சிட்னி மகாநாட்டிற்குச் சென்று, ஆங்குக் கண்ட புதுமைகளை வந்துரைத்தார். மறுவாண்டே ஸ்வரூப் சிட்னி சென்றார். அவர் சென்று சேர்ந்ததோ சர்வகலாசாலையன்று, அரசாங்க ஆய்வுச்சாலை! பின்னரே ஸ்டான்போர்டிற் பிரேஸ்வெல் என்பாரிடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்று, 1963-இல் தாயகம் மீண்டு டாட்டா ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். சந்திரசேகரும் அவ்வாறே. 1930-இற் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுமுன்பே, தம் கட்டுரையை அங்குள்ள ஃபவுலருக்கு அனுப்பி அவரது நன்மதிப்பைப் பெற்றிருந்தார். இவர்கள் ஆசிரியரையும் கருவியையும் நாடினர். பெயர் பின்னே வந்தது.

இனிப் பொருள். ஓரேக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பத்தார், பசுந்தேயிலையின் விலை படும் பாட்டை அறிவர். அத்தோட்டத்தை ஈடுவைத்துப் பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்பிற்குக் கட்டணஞ் செலுத்துவது ஒரு வழி. அமெரிக்கச் சர்வகலாசாலைகள் பலவற்றிலோ, பௌதிக டாக்டர் பட்டத்திற்கு ஆராய்வோர், கீழ்வகுப்பார்க்குக் கற்பித்தும் ஆராய்ச்சியில் உதவியும், கட்டண விலக்கும் உதவித்தொகையும் பெறுகின்றனர். ஜெர்மனியின் அரசாங்கச் சர்வகலாசாலைகளிற் பெரும்பாலானவை கற்பிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. எனினும் ஓராண்டுச் செலவுக்குரிய பணத்தை முன்னரே காட்டல் வேண்டும். மாணாக்கரைச் சேர்ப்பித்துக் கமிஷன் பெறுந் தரகர் இவ்வேறுபாட்டை முதலிற் சொல்லார். தோட்டம் போனபின் தெரிந்து பயனென்?

நிற்க. காஸ்மிக் கதிர்களை ஆராய விரும்புவோன் உதகையினின்று எங்குச் செல்வது? ஈண்டுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் இந்தியரும் ஜப்பானியரும் கூடி உழைக்கின்றனர். 2014 டிசம்பர் 1-ஆம் நாள் இம்மலைமேல் எழுந்த இடிமேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என, மியூயான் துகள்களைக் கொண்டு அவர்கள் கணித்து 2019-இல் வெளியிட்டனர்.

பிற நாடுகளிற் பௌதிகங் கற்ற நம் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். எவரிடம் கற்றீர், எக்கருவியைக் கையாண்டீர், ஆண்டொன்றுக்கு எவ்வளவு செலவாயிற்று என்னும் மூன்றினையும் அடுத்த மலருக்கு எழுதியனுப்புவீராக.