டெஸ்டரை நம்பலாமா?

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை)

பாலிடெக்னிக்கில் மின்னியல் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஊரில் ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. சம்பளம் கிடையாது, ஒரு டம்ளர் காப்பி உண்டு. "தம்பி, நீ கரண்டுக்குத்தானே படிக்கிற? இந்த ஃபேன் சுத்தமாட்டேங்குது, என்னன்னு பாரேன்!" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதுவும் என்னைப்போல வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் என்றால், தெருவே நம்மை இன்ஜினியர் என்று முடிவு கட்டிவிடும். ஸ்டூல் தானாக வந்துவிடும். சட்டைப்பையில் டெஸ்டரும் இருக்கும்.

அந்த டெஸ்டரோடுதான் நண்பர்களே, எனக்குச் சண்டை!

டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. நம்மில் பலருக்கு இதுதான் வேதம். முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதிதான் ஆளைக் கொல்லும். டெஸ்டருக்குள் இருப்பது ஒரு சின்ன நியான் பல்பும், அதோடு தொடராக ஒரு பெரிய ரெசிஸ்டரும்தான். ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான கரண்ட் நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால்தான் அது மினுங்கும். அதாவது சர்க்யூட்டில் நாமும் ஒரு பாகம்! காய்ந்த மர ஸ்டூல்மேல் ரப்பர் செருப்போடு நின்றால் வெளிச்சம் மங்கிப்போகும். மொட்டைமாடி வெயிலில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நாலு தடவை கீழே விழுந்த டெஸ்டரில் பல்பே செத்திருக்கலாம். மூன்றிலும் நாம் புரிந்துகொள்வது ஒன்றுதான்: "கரண்ட் இல்லை".

சில பழைய கைகள் புறங்கையால் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளங்கையில் பட்டால் விரல்கள் ஒயரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் சரிதான். ஆனால் 230 வோல்ட்டைச் சோதிக்க உயிரையா பணயம் வைப்பது? உடம்பில் சுமார் 10 மில்லியாம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று இழுப்பதே 40 மில்லியாம்பியர் கிட்ட வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"சுவிட்சைத்தான் அணைச்சாச்சே!" என்பது அடுத்த சமாதானம். சுவிட்சை நியூட்ரலில் போட்டிருந்தால் ஃபேன் நிற்கும். ஃபேஸ் அங்கேயே உட்கார்ந்திருக்கும். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்பது புத்தகத்தில். ஊரில், கடையில் மிச்சமிருந்த நிறம்தான் ஃபேஸ். நாம் லேபில் போடும் படிக்கட்டு வயரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்திருக்கும்போதும் இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே ஓடும் ஒயர்களில் ஒன்றில் எப்போதும் கரண்ட் இருக்கும். படம் வரைந்து முழு மார்க் வாங்கியிருக்கிறோம், இதை எத்தனை பேர் யோசித்தோம்?

சரி, மெயினையே அணைத்துவிட்டால்? 2008-ஐ ஒட்டித் தொடங்கிய மின்வெட்டு வருடங்களில் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள் இன்வெர்ட்டர் நுழைந்துவிட்டது. மெயினை நாம் அணைத்தால் அதற்கு என்ன தெரியும்? கரண்ட் கட் என்று நினைத்து உடனே சப்ளை கொடுக்கும். எங்கள் தெருவுக்கே ஒயரிங் செய்த அண்ணன் ஒருவர், இருபது வருட அனுபவம். மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறினார். வீட்டில் புதிதாக இன்வெர்ட்டர் வைத்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஷாக்கடித்து ஸ்டூலிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாதம் அண்ணி பூ கட்டி விற்றுத்தான் குடும்பம் ஓடியது.

அவர் ஒயரைத் தொடுமுன் அரை நிமிஷம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும். முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான ஒரு பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்ய வேண்டிய ஒயரில். பிறகு மறுபடியும் அந்தப் பிளக்கில், நடுவில் மீட்டரே செத்துப்போகவில்லையே என்று பார்க்க. மெயின் முழுக்க அணைந்திருந்தால் பக்கத்து வீட்டுப் பிளக் இருக்கவே இருக்கிறது. மல்டிமீட்டர் என்றால் ஏ.சி. வோல்ட்டில் இருக்கட்டும், பிராப் ஆம்பியர் துளையில் இருந்தால் நேராக ஷார்ட்தான். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மட்டும் பார்த்தால் போதாது. நியூட்ரல் அறுந்த வீட்டில் அங்கே டெஸ்ட் லாம்ப் எரியாது, ஃபேஸில் கரண்ட் அப்படியே இருக்கும். எர்த்தோடும் வைத்துப் பார்க்க வேண்டும் (எர்த் நிஜமாகவே போட்டிருந்தால்!).

லேபில் இதற்கு மார்க் இல்லை. படத்துக்கு உண்டு, கனெக்‌ஷனுக்கு உண்டு, பல்பு எரிந்தால் உண்டு. அங்கே சப்ளை கொடுப்பது சார். அவர் கை வைக்காமல் கரண்ட் வராது. பெரியம்மா வீட்டில் டி.வி. நின்றுபோன கோபத்தில் எந்தப் பொடியன் மெயினைப் போடுவான் என்று யாருக்குத் தெரியும்?

வயரிங் லேப் உள்மதிப்பீட்டில் இந்தச் சோதனைக்கென்று 5 மார்க் ஒதுக்கக் கேட்டு, துறைத் தலைவருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தாள் யூனியன் அறையில் இருக்கிறது. மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் போடலாம். அவர்கள் வீட்டுக்கு வருவதும் அதே 230 வோல்ட்தான்.