பரம்பரை மேல பழியப் போடாதீங்க

“உங்க ஆளுங்களோட பரம்பரையே அப்பிடித்தான்.” பசறை, ஹாலிஎல, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் இருந்து சீனி வருத்தத்துக்கும் ஊதிப்போன உடம்புக்கும் மருந்தெடுக்கப் போகிற எங்கள் அம்மாமாருக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வசனம் இது. சரி, பரம்பரை என்ன சொல்லுது என்று விஞ்ஞானத்திடமே கேட்டுப் பார்ப்போம்.

எஃப்.டி.ஓ மரபணுவுக்கும் உடற்பருமனுக்கும் தொடர்பிருப்பது 2007இல் தெரியவந்தது. அதன் ஆபத்தான வடிவத்தைத் தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் பெற்றவருக்கு, ஒன்றையும் பெறாதவரைவிடச் சராசரியாக 3 கிலோதான் கூட. அது எப்படி வேலை செய்கிறது என்பதை 2015இல் விளக்கினார்கள். மாறியிருப்பது ஒரேயொரு எழுத்து. அந்த எழுத்து ஒரு சுவிட்சைக் கெடுக்கிறது. அதனால் தள்ளியிருக்கும் ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 மரபணுக்கள் அடங்காமல் வேலை செய்கின்றன. கொழுப்பை எரித்துச் சூடாக்க வேண்டிய கலங்கள் அதைச் சேமிக்கும் கலங்களாக வளர்கின்றன.

இந்த எழுத்து லண்டனிலும் இருக்கு, கொழும்பிலும் இருக்கு. தோட்டத்துக்கென்று தனிப் பரம்பரை கிடையாது. 2 லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், உடலை அசைத்து வேலை செய்பவர்களிடம் இதன் தாக்கம் சுமார் 27 வீதம் குறைந்திருந்தது. அப்ப, நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு ஏன் இந்த நிலைமை?

அவர் கருவில் இருந்த காலத்தையும் பாருங்க. 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் கருவின் முதல் பாதியில் பசியைக் கண்ட ஆண்பிள்ளைகளிடம், 19 வயதில் உடற்பருமன் கூடுதலாக இருந்தது. கரு உருவான நேரத்திலேயே பசியைக் கண்டவர்களிடம், 60 வருஷம் கழித்தும் ஐ.ஜி.எஃப்.2 மரபணுவின் மேலுள்ள இரசாயன அடையாளங்கள் குறைந்திருந்தன. எழுத்து அப்படியே இருக்க, பசி சுவிட்சில் கைவைத்திருக்கிறது.

அந்தப் பஞ்சம் சில மாதங்களில் முடிந்தது. எங்கட பஞ்சம்? 2016 கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுக்க 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். வயிற்றில் இருக்கும்போது பட்டினி. வளர்ந்த பிறகு, மலிவாய்க் கிடைக்கிற கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும்.

மரபணு பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. கர்ப்பிணித் தாய்க்கு முட்டையும் பருப்பும் கீரையும் வாங்கக் காணாத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, பழியை மட்டும் அவளுடைய இரத்தத்தில் போடாதீங்க என்கிறோம். முதலில் அந்தச் சம்பளத்தைத் திருத்துங்க. பரம்பரையைப் பிறகு பேசுவோம்.