நாக்கு ஏமாந்தது; கணக்கு பிடித்தது!

கோடீசுவரர்களைக் கவிழ்த்த போலி மது வழக்கு

ஒரே வகைத் திராட்சையில் இருந்து எடுத்த மது. பத்துப் புட்டிகள். மேஜையைச் சுற்றிப் பத்து நண்பர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ருசி பார்த்து, "இது உசத்தியா, அது உசத்தியா?" என்று ஒப்பிடுவார்கள். இடையிடையே சாப்பாடும் நடக்கும்.

அமெரிக்கப் பணக்காரர்களிடையே இப்படி ஒரு விருந்துப் பழக்கம் உண்டு. விருந்துக்கு வருகிறவர் தம் வீட்டில் இருந்து ஒரு நல்ல புட்டியை எடுத்து வருவார்.

குடிப்பது நல்லதா, கெட்டதா என்பது வேறு பேச்சு. ஆனால் இந்த விருந்து மேஜையில் வளர்ந்த ஒரு மோசடி, மதுவைத் தொடாதவர்களும் தெரிந்து கொள்ள வேண்டிய ஒன்று.

4½ ஏக்கர் தோட்டம்

பினோ நுவார் என்பது ஒரு கறுப்புத் திராட்சையின் பெயர். தோல் மெல்லியது. வெயில் கூடினாலும் ஆகாது. மழை கூடினாலும் ஆகாது. பயிர் செய்வது கஷ்டம்.

பிரான்சு நாட்டின் பர்கண்டி பகுதி இதற்குப் பேர் போனது. வரப்புக்கு வரப்பு ருசி மாறும் என்பது அந்த ஊர் விவசாயிகளின் நம்பிக்கை. ஆகவே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படிப் பெயர் பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டு நிலங்களை 2015-ம் ஆண்டில் "யுனெஸ்கோ" உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

அவற்றில் தலைசிறந்தது ரோமானே கோன்டி. மொத்தமே சுமார் 4½ ஏக்கர்தான்! ஆண்டுக்குச் சில ஆயிரம் புட்டிகள் கிடைக்கும். 1945-ம் ஆண்டில் சுமார் 600 புட்டிகள்தான் கிடைத்தன. பிறகு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார்கள். அதனால் சில ஆண்டுகள் அந்தத் தோட்டத்து மதுவே வரவில்லை.

அந்த 1945-ம் ஆண்டுப் புட்டி ஒன்று 2018-ல் நியூயார்க்கில் ஏலம் போனது. விலை 5 லட்சத்து 58 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 4 கோடி ரூபாய்!

வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். இருப்பதோ சொற்பம். போலிக்கு வழி பிறப்பது இந்த இடத்தில்தான்.

நண்பராக வந்தவர்

ரூடி குர்னியாவான் என்ற இளைஞர் இந்தோனேசியாவில் இருந்து படிக்க அமெரிக்கா சென்றவர். 2000-ம் ஆண்டுக்குப் பிறகு மது ஏலங்களில் அவர் தலை தெரிய ஆரம்பித்தது. அள்ளி அள்ளி வாங்கினார். பணம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. "பெரிய வீட்டுப் பிள்ளை" என்று பேசிக் கொண்டார்கள்.

விருந்துகளில் அவர் கை தாராளம். அசல் புட்டிகளைத் திறந்து நண்பர்களுக்கு ஊற்றினார். எந்த மது, எந்த ஆண்டு என்று ருசி பார்த்துச் சொல்வதில் கெட்டிக்காரர். நண்பர்கள் சொக்கிப் போனார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. விருந்து முடிந்ததும், "காலிப் புட்டிகளை எனக்கு அனுப்பி வையுங்கள்" என்று ஓட்டல்காரர்களிடம் அவர் கேட்டுக் கொள்வார்!

2006-ம் ஆண்டில் மட்டும் இரண்டு ஏலங்களில் அவருடைய மது விலை போனது. மொத்தம் சுமார் 3½ கோடி டாலர்.

இல்லாத மது ஏலத்துக்கு வந்தது

2008-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். நியூயார்க்கில் மறுபடியும் ஏலம். பட்டியலில் பர்கண்டியைச் சேர்ந்த போன்சோ குடும்பத்தாரின் மதுவும் இருந்தது. "குளோ சாங் தெனி" என்ற நிலத்து மது. 1945 முதல் 1971 வரை பல ஆண்டுகளின் புட்டிகள்.

இதைக் கேள்விப்பட்ட லோரான் போன்சோ திடுக்கிட்டார். அவர்தான் அந்தக் குடும்பத் தொழிலை நடத்தி வந்தவர். காரணம்? அவர்கள் அந்த நிலத்து மதுவைத் தயாரிக்க ஆரம்பித்ததே 1980-க்குப் பிறகுதான்!

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? போன்சோ விமானம் ஏறி ஏல மண்டபத்துக்கே வந்து விட்டார். அவர் குடும்பத்தின் பெயர் போட்ட புட்டிகள் ஏலத்தில் இருந்து எடுக்கப்பட்டன.

"யாரிடம் வாங்கினீர்கள்?" என்று ரூடியைக் கேட்டார். "பாக் ஹெந்திரா" என்று பதில் வந்தது. இந்தோனேசியாவில் "பாக்" என்றால் ஐயா. ஹெந்திரா அங்கே சர்வ சாதாரணமான பெயர். நம் ஊரில் "முருகன் ஐயாவிடம் வாங்கினேன்" என்று சொல்வதைப் போல! ரூடி கொடுத்த டெலிபோன் எண்களை விசாரித்தும் அப்படி ஒரு மது வியாபாரி கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் தொழிற்சாலை

2012-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க மத்தியப் புலனாய்வுப் போலீசார் கலிபோர்னியாவில் உள்ள அவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். ஆயிரக்கணக்கான லேபிள்கள், ரப்பர் முத்திரைகள், பழைய தக்கைகள், தக்கை அடிக்கும் கருவி, மெழுகு எல்லாம் அகப்பட்டன. எதை எதோடு கலப்பது என்ற குறிப்புகளும் இருந்தன. விலை குறைந்த பழைய பர்கண்டி மதுவுடன் கலிபோர்னியா மதுவைக் கலந்து, விலை உயர்ந்த லேபிளை ஒட்டியிருக்கிறார்.

2013-ம் ஆண்டு டிசம்பரில் அவர் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். 2014-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை. ஏமாந்தவர்களுக்கு 2 கோடியே 84 லட்சம் டாலர் ஈடு கொடுக்கவும் உத்தரவாயிற்று. 2020-ல் சிறையில் இருந்து வெளிவந்தார். 2021-ல் இந்தோனேசியாவுக்கு அனுப்பப்பட்டார்.

நாக்கு ஏன் ஏமாந்தது?

ருசி பார்ப்பதையே பெருமையாகக் கொண்டவர்கள் எப்படி ஏமாந்தார்கள்?

முதல் காரணம், அசலின் ருசி தெரிந்தவர்கள் மிகச் சிலர். 60 ஆண்டுப் பழைய மதுவை எத்தனை பேர் குடித்திருப்பார்கள்? அப்படியே குடித்திருந்தாலும், பழைய மது புட்டிக்குப் புட்டி மாறும். "இது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே" என்று தோன்றினால், "வயதாகி விட்டது" என்று சமாதானம் செய்து கொள்ளலாம்.

இரண்டாவது, விலை ருசியை மாற்றுகிறது. கலிபோர்னியாவில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தி, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். 20 பேருக்கு ஒரே மதுவை இரண்டு முறை கொடுத்தார்கள். ஒரு முறை விலை 10 டாலர் என்றார்கள். மறுமுறை 90 டாலர் என்றார்கள். 90 டாலர் என்று கேட்டபோது அதே மது கூடுதலாக ருசித்தது!

மூன்றாவதுதான் முக்கியம். நட்பு. விருந்து போட்டவரைப் பார்த்து, "இது அசல்தானா?" என்று கேட்க யாருக்கு நா எழும்? சந்தேகப்பட்டவர்கள் அடியோடு இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் குரல் எடுபட நாளாயிற்று.

இன்னொரு வழக்கு

ஏமாந்தவர்கள் கோடீசுவரர்கள் மட்டும் அல்ல. தெற்குப் பிரான்சில் சில வியாபாரிகள் வேறு திராட்சை மதுவைப் பினோ நுவார் என்று சொல்லி, ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனிக்கு விற்றார்கள். சுமார் 1 கோடியே 80 லட்சம் புட்டிகள்! அமெரிக்காவில் குடித்தவர்கள் ஒருவர் கூடப் புகார் செய்யவில்லை என்று கோர்ட்டில் வக்கீல் வாதாடினார்.

பிடித்தது யார்? கணக்குப் பார்த்த அதிகாரிகள்! விலை மிகவும் மலிவாக இருந்தது. அந்த வட்டாரத்தில் விளைந்ததைவிட விற்றது அதிகமாக இருந்தது. 2010-ல் 12 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று.

எதற்கு விலை?

2023-ம் ஆண்டில் ஒரு வேடிக்கையான செய்தி வந்தது. சிங்கப்பூரில் நடந்த ஒரு விருந்தில், ரூடி கலந்த மதுவையும் அசல் மதுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்களாம். கலந்தது என்று சொல்லியே வைத்தார்களாம். அந்தக் கலவையே பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டாம்!

அப்படியானால் அவர் செய்தது குற்றம் இல்லையா? குற்றம்தான். வாங்கியவர்கள் ருசிக்கு மட்டும் பணம் கொடுக்கவில்லை. இந்த நிலத்தில், இந்த ஆண்டில், இந்தக் கைகள் செய்தது என்ற வாக்குக்குப் பணம் கொடுத்தார்கள். அந்த வாக்கு பொய். அதோடு, தலைமுறை தலைமுறையாக மண்ணில் உழைத்தவன் தேடிய பெயரும் களவு போயிற்று.

2018-ல் 4 கோடி ரூபாய் கிடைத்த புட்டி, பர்கண்டியைச் சேர்ந்த பழைய மது வியாபாரி ராபர்ட் துருவான் வீட்டு நிலவறையில் இருந்து வந்தது. எங்கிருந்து எங்கே வந்தது என்ற கதை தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

நகையோ, நிலமோ, சீட்டோ, தெரிந்தவர் கொண்டு வந்தார் என்பதற்காகப் பத்திரத்தைப் படிக்காமல் விடக் கூடாது. "நம்ப நட, நம்பி நடவாதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். "எங்கிருந்து வந்தது, ரசீது எங்கே?" என்று கேட்டால் உண்மையான நண்பர் கோபித்துக் கொள்ள மாட்டார்.